இந்தியா என்ன செய்யும், ரீச்சர்?

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சர்வதேச உறவுகளில் முதுகலைமாணி படிக்கிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால், அடுத்து வரும் கேள்வி எனக்கு மனப்பாடம். "அப்ப சொல்லுங்கோ ரீச்சர், இந்தியா என்ன செய்யப் போகுது?" மீன் சந்தையில் கேட்டிருக்கிறார்கள். கலியாண வீட்டுப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள். பல்லுப் பிடுங்கப் போன இடத்தில், நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது வைத்தியர் கேட்டார். பதில் சொல்ல முடியாத நிலையில் இருந்தது அன்றைக்கு வசதியாகப் போய்விட்டது.

கேட்பவர்களுக்கு என் பதில் தேவையில்லை. பதில் அவர்களிடமே இருக்கிறது. நான் தலையாட்டினால் போதும். "தன்ரை கொல்லைக்குள்ள சீனாக்காரனை அவன் விடமாட்டான்." "திருகோணமலை இருக்கிற வரைக்கும் எங்களை விட்டால் அவைக்கு வேறை ஆள் இல்லை." ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைப் பிரித்தால் பூகோள அரசியல் பத்தி இல்லாத பேப்பர் கிடையாது. யதார்த்தவாதத்தை எழுதிவைத்த மோர்கெந்தோவின் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் ஒரு ஊரே யதார்த்தவாதம் பேசுகிறது. அரசுகளுக்கு நண்பன் இல்லை, நலன்தான் உண்டு என்பதை இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. இந்த ஊர் அதைப் பட்டுத்தான் படித்தது. 1987 யூன் 4 அன்று இந்திய விமானப்படையின் அன்ரனோவ் விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் காவலுக்கு வர, குடாநாட்டின் மேல் பறந்து நிவாரணப் பொதிகளைப் போட்டன. அவர்கள் அதற்கு வைத்த பெயர் பூமாலை. அம்மா இன்றைக்கும் அதைப் பருப்புப் போட்ட நாள் என்றுதான் சொல்லுவா. அடுத்த மாதம் 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்தனவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். அதன் கூடவே பரிமாறிய கடிதங்களைப் பாருங்கள்: திருகோணமலையோ வேறு துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவத் தேவைக்கும் கொடுக்கப்படாது, எண்ணெய்க் குதங்களைச் சேர்ந்து புனரமைப்பது, இலங்கையில் உள்ள வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்களை மீளாய்வு செய்வது. ஒப்பந்தத்தில் எங்களுடைய பிரச்சினை, கடிதத்தில் அவர்களுடைய பிரச்சினை. யூனில் பருப்பாக வந்தவர்கள் ஒக்ரோபரில் ஷெல்லாக வந்தார்கள். 1990 மார்ச்சில் இந்தியப் படையின் கடைசிக் கப்பலும் போனது. மூன்று வருடம்கூட இல்லை. இதைப் பார்த்த ஒருவரிடம் போய்ச் சர்வதேச ஒத்துழைப்பு, பொது நன்மை என்று பேசிப் பாருங்கள்.

ஆகவே கோட்பாட்டுப் பாடத்துக்குப் போனபோது, எனக்குத் தெரிந்ததையே ஆங்கிலத்தில் சொல்லித் தரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நான் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பிக்கிறவள். யதார்த்தவாதத்தின் அம்சங்கள் ஐந்து, நாடுகள் ஒத்துழைக்கலாம் என்கிற தாராண்மைவாதத்தின் அம்சங்கள் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு விமர்சனம். பிள்ளைகள் ஏ எடுக்க அது போதும். முதுகலைமாணியில் அந்த ஐந்து அம்சங்கள் முதல் வகுப்போடு முடிந்துபோயின. அதற்குப் பிறகு எல்லாமே ஒரே கேள்விதான்: இந்த ஆள் இதை எப்படித் தெரிந்துகொண்டார்? அவர் சொல்வது பிழை என்றால் அது எங்களுக்கு எப்படித் தெரியவரும்?

எங்கள் வகுப்பு வார இறுதியில். பாதிப்பேர் ஆசிரியர்கள். பிரதேச செயலகத்தில் வேலை செய்கிற அபிவிருத்தி உத்தியோகத்தர் இருவர், ஒரு சட்டத்தரணி, தொண்டு நிறுவனத்தில் இருந்து ஒரு தங்கச்சி, பிறகு ஓய்வு பெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர். அவரை எல்லோரும் ஐயா என்றே கூப்பிடுவோம், விரிவுரையாளரும்தான். ஐயா பதவி உயர்வுக்காகப் படிக்க வரவில்லை. வாதாட ஆள் தேடி வந்தவர்.

வாசிக்க வேண்டியவை எல்லாம் ஆங்கிலம். வெள்ளிக்கிழமை பின்னேரம் பலாலி வீதியில் போட்டோக்கொப்பி கடையில் நின்றால் வகுப்பில் பாதிப்பேரைப் பார்த்துவிடலாம். பிடிஎப் ஆகப் போனில் வாசிக்கலாம்தான், ஆனால் வோல்ட்ஸைப் போனில் வாசித்தவன் எவனும் கரையேறியதில்லை. ஒரு பந்திக்கு மூன்று தரம் திரும்பிப் போகவேண்டும். பிறகு வட்ஸ்அப் குழுவில் சட்டத்தரணி அனுப்பும் குரல் பதிவு. அவர் யாழ்ப்பாணத் தமிழில் விளங்கப்படுத்தினால் அமெரிக்கப் பேராசிரியரும் அயலட்டை மனிதர் மாதிரி ஆகிவிடுவார்.

கென்னத் வோல்ட்ஸ் 1979இல் எழுதிய சர்வதேச அரசியல் கோட்பாடு பற்றிய புத்தகத்தைத் திட்டாத மாணவர் உலகத்தில் இருக்கமாட்டார். அவர் பொருளியலில் இருந்து ஆரம்பிக்கிறார். சந்தையில் ஒவ்வொரு கம்பனியும் தன் பாட்டுக்கு இலாபம் தேடுகிறது. யாரும் திட்டமிடாமல் ஒரு சந்தை உருவாகி, பிறகு அந்தச் சந்தையே கம்பனிகளை ஆட்டிவைக்கிறது. அரசுகளும் அப்படித்தான் என்கிறார். மேலே அரசாங்கம் என்று ஒன்று இல்லை, ஒவ்வொரு அரசும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், வித்தியாசம் யாரிடம் எவ்வளவு பலம் என்பதில் மட்டும்தான். தலைவர் நல்லவரா கெட்டவரா, நாடு ஜனநாயகமா சர்வாதிகாரமா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். பெரிய வல்லரசுகளை வைத்துத்தான் கோட்பாடு எழுதலாம், மலேசியாவையும் கோஸ்டாரிக்காவையும் வைத்து எழுதப் போவது அபத்தம் என்று ஓரிடத்தில் சொல்கிறார். அந்த வரியில் வகுப்பே சிரித்தது. மலேசியாவுக்கே இடமில்லை என்றால் நெடுந்தீவுக்கு எங்கே போவது?

ஆனால் அந்த மனிதர் இன்னொன்றையும் சொல்கிறார், அதைத்தான் எங்களூர் மறந்துவிடுகிறது. தன்னுடையது வெளிநாட்டுக் கொள்கைக் கோட்பாடு அல்ல என்கிறார். குறிப்பிட்ட ஒரு நாடு நாளைக்கு என்ன செய்யும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. எல்லா நாடுகள் மேலும் எந்தப் பக்கமாக அழுத்தம் வரும் என்று மட்டும் சொல்லலாம். அதாவது, மீன் சந்தையில் என்னிடம் கேட்கிற கேள்விக்கு யதார்த்தவாதத்தின் ஆகப் பெரிய ஆளிடமே பதில் இல்லை. இதை நான் ஐயாவிடம் சொன்னபோது, "அப்ப அந்தாள் எதுக்குப் புத்தகம் எழுதினவர்?" என்றார். நியாயமான கேள்வி.

ஒருவர் தன் பாதுகாப்புக்குச் செய்வதே மற்றவரைப் பயப்படுத்தும் என்ற பாதுகாப்பு இக்கட்டுக் கருத்தை ஜோன் ஹெர்ஸ் 1950இல் எழுதினார். அதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க நான் வேலிச் சண்டையைத்தான் எடுப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் பயத்தில் பழைய கதியாலைப் பிடுங்கிவிட்டுப் புதுசு நடுகிறார். நீங்கள் பார்க்கிறீர்கள், அரையடி உள்ளே வந்த மாதிரித் தெரிகிறது. நீங்கள் கம்பிவேலி அடிக்கிறீர்கள். அவர் மதில் கட்டுகிறார். இரண்டு பேருக்கும் மற்றவரின் காணியில் ஆசை இல்லை, ஆனால் பத்து வருடம் கதை பேச்சில்லை. ஒருநாள் பின் வாங்கில் இருந்து ஒருத்தி எழும்பினாள். "ரீச்சர், வேலிச் சண்டைக்கு நீதிமன்றம் இருக்கு. விதானையார் இருக்கிறார். நாடுகளுக்கு ஆர் இருக்கினம்?" அவ்வளவுதான். வோல்ட்ஸ் நூறு பக்கத்தில் சொன்னதை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்: உள்ளே அதிகாரம், ஒழுங்கு, வெளியே மேலதிகாரி இல்லாத நிலை.

சரி, உள்ளே, வெளியே என்ற அந்தப் பிரிப்பை வீட்டில் இருந்து யோசித்துப் பார்த்தேன். எங்களுக்குப் பயம் எந்தப் பக்கம் இருந்து வந்தது? எல்லைக்கு வெளியே இருந்தா? இந்த ஊரில் என் வயதுக்காரருக்குப் பாதுகாப்பு என்ற சொல் சோதனைச் சாவடியில் ஆரம்பிக்கிறது. உள்ளே ஒழுங்கு என்ற பாதிக் கோட்பாடு எங்கள் வாசலிலேயே விழுந்துபோகிறது. இதை எழுதி வோல்ட்ஸை மடக்கிவிட்டேன் என்ற பெருமையில் இருந்தபோது, விரிவுரையாளர் ஆறாம் அத்தியாயத்தைத் திருப்பச் சொன்னார். நெப்போலியன் தோற்ற பிறகு வந்த நூறு ஆண்டுகளில் ஆகக் கூடுதலாக அழித்த யுத்தங்கள் நாடுகளுக்கு இடையே அல்ல, நாடுகளுக்கு உள்ளேதான் நடந்தன என்று வோல்ட்ஸே எழுதியிருக்கிறார். சீனாவின் தைப்பிங் கலகத்தைச் சொல்கிறார். இரத்தத்தின் அளவு அல்ல வித்தியாசம், அமைப்புத்தான் வித்தியாசம் என்பது அவர் வாதம். அவரை விமர்சிக்கிற பலர் அந்தப் பக்கத்தை வாசிப்பதில்லை.

அந்த இடத்தில் எனக்கு உண்மையில் உதவியவர் மொஹமட் அயூப். மூன்றாம் உலக அரசுகளுக்குப் பாதுகாப்புப் பிரச்சினை முதலில் உள்நாட்டில்தான் இருக்கிறது, ஏனென்றால் ஐரோப்பா பல நூறு ஆண்டுகள் எடுத்துச் செய்த அரசுருவாக்கத்தை இவை சில பத்தாண்டுகளில், உலகமே பார்த்துக்கொண்டிருக்கச் செய்யவேண்டியிருக்கிறது என்கிறார். எனக்கு அதில் ஒரு கோபமும் உண்டு. அரசு கட்டுவது வலிக்கும் வேலை என்று அவர் சொல்லும்போது, அந்த வலி யாருடைய உடம்பில் என்ற கேள்வி கொஞ்சம் சுலபமாகத் தாண்டப்படுகிறது. ஆனாலும் எங்கள் நிலைமை அவர் பக்கங்களுக்குள் இருக்கிறது. மற்றவர்களிடம் அடிக்குறிப்பில்கூட இல்லை.

தாராண்மைவாதத்தை விரைவாகக் கடந்துவிட்டோம். வகுப்பில் யாருக்கும் அதில் நம்பிக்கை இல்லை. 2002 பெப்ரவரியில் நோர்வேயின் அனுசரணையில் யுத்தநிறுத்தம். நோர்டிக் நாடுகளின் கண்காணிப்புக் குழு. 2003இல் டோக்கியோ மாநாட்டில் 4.5 பில்லியன் டொலர் வாக்குறுதி. 2008 ஜனவரியில் எல்லாம் முடிந்தது. நிறுவனங்கள் காப்பாற்றும் என்று இந்த ஊரில் சொன்னால் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். தாராண்மைவாதிகளின் ஆளான கியோஹேன் அப்படிச் சொல்லவே இல்லை, நிறுவனங்கள் தகவலைக் கொடுத்து ஒருவரையொருவர் ஏமாற்றுவதைக் கடினமாக்கும் என்று மட்டும்தான் சொல்கிறார் என்று தொண்டு நிறுவனத் தங்கச்சி நின்று வாதாடினா. தனி ஆளாக. அவவுக்கு ஒரு கைதட்டல்.

அடுத்து, கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிய மெலோஸ் உரையாடலுக்கு வருகிறேன். கிறிஸ்துவுக்கு முன் 416. ஏதென்ஸின் கப்பற்படை மெலோஸ் என்ற சின்னத் தீவுக்கு வந்து நிற்கிறது. மெலோஸ்காரர் ஸ்பார்ட்டாவில் இருந்து வந்து குடியேறியவர்கள், யுத்தத்தில் நடுநிலையாக இருக்கப் பார்த்தவர்கள். நீதியைப் பற்றிப் பேச வேண்டாம், பலம் சமமாக இருக்கிறவர்களுக்கு இடையில்தான் அந்தப் பேச்சு என்கிறார்கள் ஏதென்ஸ்காரர். மெலோஸ்காரர் தெய்வத்தை நம்புகிறோம் என்கிறார்கள், எங்கள் இனத்தவன் ஸ்பார்ட்டா வருவான் என்கிறார்கள். ஸ்பார்ட்டா வரவில்லை. முற்றுகை, சரணடைவு, வளர்ந்த ஆண்கள் கொல்லப்பட்டார்கள், பெண்களும் பிள்ளைகளும் அடிமையாக விற்கப்பட்டார்கள். பிறகு ஏதென்ஸ் தன் ஆட்கள் ஐந்நூறு பேரை அங்கே குடியேற்றியது.

இதை யாழ்ப்பாணத்தில் ஒரு வகுப்பில் வாசித்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. துசிடிடீஸ் எங்களைப் பார்த்துத்தான் எழுதினான் என்று ஐயா மேசையில் அடித்தார். யார் ஸ்பார்ட்டா என்று அடுத்த அரை மணி நேரம் சண்டை: டில்லியா, சென்னையா, அமெரிக்கக் கப்பலா. கடைசி வரிக் குடியேற்றத்துக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

அப்போது அபிவிருத்தி உத்தியோகத்தர்களில் ஒருவர், சோனகதெருக் குடும்பத்துத் தம்பி, புத்தளத்தில் பிறந்தவர், கையை உயர்த்தினார். "நீங்கள் எல்லாரும் எப்பவும் மெலோஸ்தானோ? 1990 ஒக்ரோபர் 30 எங்கட ஆக்களுக்கு இரண்டு மணித்தியாலம் குடுத்தவை. அண்டைக்கு ஆர் ஏதென்ஸ்?"

அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை வெளியேறச் சொன்னவர்கள் விடுதலைப் புலிகள். தெரியாத செய்தி அல்ல. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் எங்கள் ஒருவருக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. ஐயா முதலில் அது வேறை விசயம் என்றார். பிறகு, அது இயக்கம், அரசு இல்லை என்றார். தம்பி விடவில்லை: ஒரு நிலப்பரப்பில் வரி எடுத்து, நீதிமன்றம் நடத்தி, பொலிஸ் வைத்திருந்தவர்களை அரசு இல்லை என்று கோட்பாட்டில் எப்படித் தள்ளுவீர்கள்? தேத்தண்ணி இடைவேளை வந்தும் யாரும் எழும்பவில்லை. பலம் உள்ளவன் செய்வான், இல்லாதவன் தாங்குவான் என்பதை ஒரு இயற்கை விதி மாதிரிச் சொல்லித் திரிகிற எங்களுக்கு, நாங்கள் பலமாக இருந்த இடமும் அந்த விதிக்குள் அடங்குமா என்று யாரும் கேட்டது கிடையாது. விரிவுரையாளர் கடைசியில் ஒன்றைத்தான் சேர்த்தார். துசிடிடீஸின் புத்தகத்தில் மெலோஸுக்கு அடுத்துச் சிசிலிப் படையெடுப்பு வருகிறது. அவ்வளவு தெளிவாக வாதாடிய ஏதென்ஸ் அங்கே தன் கப்பற்படையை அழித்துக்கொண்டு, 404இல் ஸ்பார்ட்டாவிடம் சரணடைந்தது. பல்கலைக்கழகங்களில் அந்த உரையாடலை மட்டும் கிழித்தெடுத்துக் கொப்பியடித்துக் கொடுப்பதால், அடுத்த பக்கம் யாருக்கும் தெரிவதில்லை.

இனி ஜெனீவா, அதாவது ஐ.நா. மனித உரிமைகள் பேரவை. இந்தப் படிப்புக்குக் கட்டிய காசு எனக்குத் திரும்பி வந்தது இந்த இடத்தில்தான்.

எங்களூரின் வாதம் எப்போதும் நிலப்படத்தில் ஆரம்பிக்கும். இலங்கை இருக்கிற இடம் மாறாது, அதனால் இந்தியாவின் நலனும் மாறாது. சரி. 2009 மே மாதம் மனித உரிமைகள் பேரவையின் விசேட அமர்வில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. சீனாவும் ரஷ்யாவும் அதே பக்கம். 2012 மார்ச்சில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்துக்கு, இலங்கை எதிர்த்து நிற்க, இந்தியா ஆதரவு. 2013இலும் அப்படியே. 2014இல் நடுநிலை. 2021இலும் நடுநிலை. இடையில் இலங்கை நகர்ந்து எங்கும் போகவில்லை. பாக்கு நீரிணை அகலவும் இல்லை, ஒடுங்கவும் இல்லை. மாறாத ஒன்றைக் காட்டி, மாறிக்கொண்டிருக்கிற ஒன்றுக்குக் காரணம் சொல்ல முடியாது. முறையியல் பாடத்தில் இதை முதல் நாளே சொல்லித் தந்தார்கள். அதை எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திகளுக்குப் பொருத்திப் பார்க்க எனக்கு ஒரு தவணை பிடித்தது. அதற்குப் பிறகு அந்தப் பத்திகளைப் பழைய மாதிரி வாசிக்க முடியவில்லை.

அப்ப எது மாறியது? ரொபேர்ட் புட்னம் 1988இல் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. பேச்சுவார்த்தைக்குப் போகிற தலைவர் ஒரே நேரத்தில் இரண்டு மேசையில் விளையாடுகிறார் என்கிறார். ஒன்று வெளிநாட்டோடு, மற்றது தன் வீட்டுக்குள். அந்த ஆண்டுகளில் டில்லியில் இருந்தது கூட்டணி ஆட்சி. 2013 மார்ச்சில் இந்தத் தீர்மானத்தை வைத்தே தி.மு.க. அரசில் இருந்து வெளியேறியது. இரண்டாவது மேசையில் சத்தம் கேட்டது. ஆனால் இதுவும் முழுசாகப் பொருந்தாது. 2014 மார்ச்சில் இருந்ததும் அதே காங்கிரஸ் அரசுதான், தேர்தலும் வாசலில் நின்றது. தமிழ்நாட்டைத் திருப்திப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் அப்போதுதான் ஆதரித்திருக்க வேண்டும். அந்த முறை தீர்மானம் சர்வதேச விசாரணையைக் கேட்டது, அது எல்லை மீறிய தலையீடு என்று இந்தியா காரணம் சொன்னது. வாக்கு மாறியதா, வாக்குக்கு விட்ட தாளே மாறியதா?

ஐயா விடுவாரா? "சீனா கூடிப்போச்சு, அதனால பயந்திட்டான்" என்றார். நான் சொன்னேன், ஐயா, இது நல்ல வாதம், ஏனென்றால் இது மாறுகிற ஒன்று. இதைப் பிழை என்று காட்டவும் முடியும். சீனாவின் வருகை கூடிய ஆண்டுகளில் வாக்கு ஒரு பக்கமாகவும், குறைந்த ஆண்டுகளில் மறுபக்கமாகவும் போனதா என்று பார்க்கலாம். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனக் கம்பனிக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது 2017இல். அதற்கு முந்திய வாக்கு எப்படி, பிந்தியது எப்படி? அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் விளக்குகிற ஒரு வாதத்தை வைத்திருந்தவரிடம் சிலதை மட்டும் விளக்குகிற வாதத்தைக் கொடுத்தால் யாருக்குப் பிடிக்கும்?

இறுதிக் கட்டுரைக்கு நான் எடுத்தது மூன்று தீவு விவகாரம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் சூரிய, காற்று மின் திட்டத்துக்கு ரெண்டர் போட்டார்கள். 2021 ஜனவரியில் சீனக் கம்பனிக்குக் கொடுக்க அமைச்சரவை சம்மதித்தது. தமிழ்நாட்டுக் கரையில் இருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர். இந்தியா ஆட்சேபித்தது. டிசம்பரில் சீனத் தூதரகம், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கரிசனை காரணமாகத் திட்டம் நிறுத்தப்பட்டது என்று அறிவித்து, மாலைதீவில் பன்னிரண்டு தீவுகளில் செய்யப் போகிறோம் என்பதையும் கூடவே சொன்னது. அதே மாதம் சீனத் தூதுவர் வேட்டியோடு நல்லூரில் நின்றார். 2022 மார்ச்சில் அதே மூன்று தீவுகளுக்கு இந்தியாவோடு உடன்படிக்கை.

பேராசிரியர்கள் கனவில்தான் இப்படி ஒரு உதாரணம் கிடைக்கும். ஸ்டீபன் வோல்ட் (முந்தியவர் வேறு, இவர் வேறு, எங்கள் விடைத்தாள்களில் இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்) நாடுகள் பலத்தைப் பார்த்து அல்ல, அச்சுறுத்தலைப் பார்த்துத்தான் அணி சேரும் என்கிறார், தூரமும் நோக்கமும் அதில் சேரும். அலெக்சாண்டர் வென்ட், பிரித்தானியாவின் ஐந்நூறு அணுகுண்டைவிட வட கொரியாவின் ஐந்து அமெரிக்காவைப் பயப்படுத்துவது ஏன் என்று கேட்பார். சூரியத் தகடு ஒன்றுதான், பூட்டுகிறவன் யார் என்பதில் அது ஆயுதமா விளக்கா என்பது மாறுகிறது. இரண்டையும் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் ரொபேர்ட் கொக்ஸ் 1981இல் எழுதிய, எந்தக் கோட்பாடும் யாரோ ஒருவருக்காக, ஏதோ ஒரு நோக்கத்துக்காகத்தான் என்ற வரி உறுத்திக்கொண்டே இருந்தது. குறிகட்டுவானில் படகு ஏறி நெடுந்தீவுக்குப் போனேன்.

இறங்குதுறைக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை. அக்கா ஒருவர் வைத்திருக்கிறா. சோடா, பிஸ்கட், ஒரு பெரிய ஐஸ்பெட்டி. அப்போது தீவுக்கு மின்சாரம் டீசல் இயந்திரத்தில் வந்தது. சீனாவா இந்தியாவா என்ற கேள்வியை நான் அலங்காரமாகக் கேட்டேன். அவ ஐஸ்பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே கட்டிகட்டியாக இறுகியிருந்த மீனை எனக்குக் காட்டினா. "ஆர் தந்தால் என்ன பிள்ளை. எனக்கு இது ராவிலை நிக்காமல் ஓட வேணும். பேப்பரிலை ரெண்டு பேரும் சண்டை பிடிச்சினம், இங்கை ஒரு கம்பம்கூட நடேல்லை." அது 2022 கடைசி. அந்த ஐஸ்பெட்டியை வோல்ட்ஸுக்குள் வைக்க முடியாது, வோல்ட்டுக்குள்ளும் முடியாது. கட்டுரையில் ஒரு பந்தி அவவுக்காக எழுதினேன். விரிவுரையாளர் ஓரத்தில் பென்சிலால் எழுதியது: "நல்லது. ஆனால் இதில் இருந்து என்ன பின்தொடர்கிறது?" இன்னும் எனக்குச் சரியான பதில் இல்லை.

இப்போது ஆய்வேட்டு முன்மொழிவு. தலைப்பு இழுவைப் படகு. இந்திய றோலர்கள் இரவில் வந்து அடிமடியால் அள்ளிக்கொண்டு, எங்கள் பக்கத்துச் சின்னப் படகுக்காரரின் வலையையும் அறுத்துக்கொண்டு போகின்றன. கடல் எல்லை வகுத்த கச்சதீவு ஒப்பந்தம் 1974இல், அதன் தொடர்ச்சி 1976இல். இலங்கையில் இழுவை முறைக்கே 2017இல் சட்டத் தடை வந்தது. இரண்டு அரசுகளும் நட்பு நாடுகள். வலை அறுபடுகிறவரும் தமிழர், அறுக்கிறவரும் தமிழர். மாதகலில் ஒருவர் தன் வலையை மணலில் விரித்து, ஓட்டையின் இரு பக்கமும் நின்று கையை நீட்டினார். இரண்டு கைக்கும் இடையில் எதுவும் இல்லை. கடனுக்கு வாங்கிய வலை. "தமிழ்நாட்டுக்காரர் எங்களுக்காக அழுகிறவை எண்டு சொல்லுறாங்கள். அழுதுபோட்டு இரவிலை இங்கைதான் வாறாங்கள்" என்றார். நலன், இனம், அரசு என்று நாங்கள் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிற மூன்றும் இந்தக் கடலில் மூன்று திசையில் போகின்றன. அதனால்தான் இந்தத் தலைப்பு.

என் வாதம் புட்னத்தின் பக்கம்: டில்லியின் நிலைப்பாட்டைத் தமிழ்நாட்டு அரசியல் தீர்மானிக்கிறது. மேற்பார்வையாளர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். எதைக் கண்டால் உங்கள் வாதம் பிழை என்று ஒத்துக்கொள்வீர்கள்? நான் யோசித்துக்கொண்டிருக்க, வட்ஸ்அப் குழுவில் ஐயா பதில் போட்டார். வழக்கம்போல என்னைத் தோற்கடிக்கத்தான்.

"ரீச்சர், கைதுகளைப் பாராதேயும், அது எங்கட நேவியின்ரை கணக்கு. பிடிபட்ட மீனவர் எத்தனை நாளிலை விடுபடுகினம் எண்டு பாரும். தமிழ்நாட்டுத் தேர்தலுக்கு முன் மூண்டு மாசம், பின் மூண்டு மாசம். முன்னுக்குக் கெதியா விடுபட்டால் நீர் சொல்லுறது சரி. ரெண்டும் ஒண்டெண்டால் சீனாதான் காரணம், நீர் தலைப்பை மாத்தும்."

இரண்டாவது பாதி சரியில்லை. இரண்டும் ஒன்றாக இருந்தால் என் வாதம் விழும், ஆனால் அதற்காக சீனாதான் காரணம் என்று ஆகிவிடாது. அதை அவருக்கு எழுதினேன், அவர் பெருவிரலைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். முதல் பாதி அருமையான சோதனை. ஊர்காவற்றுறை நீதிமன்றச் செய்திகள் பத்திரிகையில் தவறாமல் வரும், பிடிபட்ட திகதியும் விடுபட்ட திகதியும் இருக்கும். பொது நூலகத்தில் பழைய பேப்பர்க் கட்டுகளில் 2016 தேர்தலில் இருந்து தொடங்கியிருக்கிறேன். பாடசாலை விட்டுப் போனால் மூடுவதற்கு முன் ஒரு மாதத்துப் பேப்பர் பார்க்கலாம். 2021க்கு வந்த பிறகு ஐயாவுக்குச் சொல்லுவேன்.